நிகர எடை

மேல் வரிசை, நடுவிலிருந்து இடப்பக்கம் முதல் பல்.
பாசார் மாலாமில் வாங்கிய கொய்யாவில்
அதை விட்டுவிட்டு வந்தேன்.
அசாம் பொடி தூவிய துண்டில்
நேராக நின்றது,
யாரோ நட்டுவிட்டுப் போன கன்று மாதிரி.

பாடாங் செராய்க்கு வெளியே செம்பனை ஆலையில்
எடைப்பாலத்துக் கிராணி நான்.
குலை ஏற்றிய லாரி வந்து ஏறும்: மொத்த எடை.
கொட்டிவிட்டுத் திரும்ப ஏறும்: வெற்று எடை.
கழித்தால் நிகரம்.
பத்தொன்பது வருடமாக இந்த ஒரு கணக்குதான் கைவசம்.
பல்லையும் அதில்தான் ஏற்றிப் பார்த்தேன்.

அரசாங்க கிளினிக்கில் பிடுங்கச் சில்லறைக் காசு.
வைப்பதற்குத்தான் தேதி இல்லை.
சுங்கைப் பட்டாணி டாக்டர் தே
தாடையைப் படம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்,
"எலும்பு ரொம்ப நல்லா இருக்கு."
நாற்பத்தாறு வயதில்
என்னிடம் ஏதோ ஒன்று நன்றாக இருப்பதாக
ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.
திருகாணி, அதன்மேல் தலை, எல்லாம் சேர்த்து
ஆறாயிரத்து ஐந்நூறு வெள்ளி.

ஹட்யாய்க்குப் போங்கக்கா என்றான் லாரிக்காரன் சௌரிராஜன்.
அவன் மச்சான் எல்லை தாண்டிப் போய்
சிரிப்போடு திரும்பியவன்.
ஏழாம் மாதம் அந்தச் சிரிப்பில் பாதி
லக்சா கிண்ணத்தில் விழுந்தது.
உத்தரவாதச் சீட்டு பத்திரமாக இருக்கிறதாம்.
தாய் எழுத்து. வாசிக்க ஆள் தேடுகிறார்கள்.

திருச்சிக்கு வா என்றாள் கோகிலம்.
என் தங்கை. அங்கே கட்டிக்கொண்டு போய்ப் பதினொரு வருடம்.
"எங்க தெருமுனையிலயே டாக்டர்.
அங்க கேக்கறதுல பாதிகூட ஆகாது. நம்ம வீட்டுல தங்கிக்க."

எடைச்சீட்டின் முதுகில் எழுதினேன்.
பல், இரண்டாயிரத்து நானூறு.
திருகாணி இறக்க ஒருமுறை, எலும்பு பிடித்தபின் மறுமுறை,
டிக்கெட் ஆயிரத்து எண்ணூறு.
சம்பளமில்லா லீவு ஆயிரத்து நூறு.
கே.எல். வரை பஸ், டாக்சி, முந்நூறு.
மைலோ டின், கோடாலித் தைலம், அவள் மாமியாருக்குக் கைலி,
நாத்தனார் பிள்ளைகளுக்குச் சாக்லேட், அறுநூறு.
வெறுங்கையோடு போய் இறங்குகிற அக்காள் உலகத்தில் கிடையாது.
ஆக ஆறாயிரத்து இருநூறு.

நிகரம் முந்நூறு வெள்ளி.
இதற்கா இரண்டு மாதம் தூக்கம் கெட்டது?

வாக்கி டாக்கியில் "தமயந்தி பேசறேன்" என்கிறேன்.
"த"வுக்கு நாக்கு பல்லைத் தேடிப் போகிறது,
கதவில்லாத வாசலில் தடுக்கிக் காற்றாக விழுகிறது.
கடைசி "ந்தி"யும் அப்படியே.
அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிறார்கள்.
பல் இருக்கிறவர்கள், சிரிக்கட்டும்.
ஆள் இல்லாத நேரம் "கோகிலம்" என்று சொல்லிப் பார்த்தேன்.
ஒரு பிசிறும் இல்லை.
அவள் பெயரில் பல்லுக்கு வேலையே வைக்கவில்லை.

நேற்றிரவு அழைத்துச் சொன்னேன்:
இங்கேயே வைத்துக்கொள்கிறேன், பத்து மாதத் தவணை,
இரவில் வலித்தால் அரை மணியில் போய்விடலாம்.
கொஞ்ச நேரம் அவள் வீட்டு மின்விசிறி மட்டும் கேட்டது.
"நல்லதுக்கா" என்றாள்.
அப்புறம், "தெருமுனையில டாக்டர் கிடையாது.
ரெண்டு பஸ் மாறணும்."

வியாழக்கிழமை திருகாணி.
சீட்டைக் கசக்கப் போன கை
பல்லை அடித்தது, லீவில் பாதியை அடித்தது,
டிக்கெட் இரண்டை ஒன்றாக்கியது.
மைலோவில் கை வைக்கவில்லை.
கூட்டுவதற்குள் ஹாரன்.

பாலத்தில் சௌரிராஜன் லாரி ஏறி நிற்கிறது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிவப்பு எண்கள்
மேலும் கீழும் ஆடுகின்றன,
இன்னும் நிற்கவில்லை.